ரொசாலிக்கு வயது நாற்பத்தொன்று

1834 செப்டம்பர் 8, திங்கள்

பல்வலி. கிராம்பு வைத்தும் அடங்கவில்லை. தென்மூலைக் கரும்பில் பாதி வெட்டியாயிற்று. மீதியை எலி வெட்டிக்கொண்டிருக்கிறது. எலிக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, அந்த மட்டும் லாபம் என்று மதலேனாளிடம் சொன்னேன்.

"நம்ம வீட்டுல யாருக்குத்தான் கூலி குடுக்கிறீங்க?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினால் இப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சர்க்கார் அறிக்கை வாசித்தார்கள். அடுத்த பிப்ரவரி முதல் தேதியோடு இந்த மொரீசுத் தீவில் அடிமைகள் கிடையாதாம். அடிமை வைத்திருப்பவர்கள் எல்லாரும் பதிவேட்டோடும் ஆட்களோடும் போர் லூயிப் பட்டணத்துப் பதிவுக் கச்சேரிக்கு வரவேண்டும். சர்க்கார் பார்த்து நஷ்டஈடு கொடுக்கும். அதற்குப் பிறகும் ஆறு வருஷத்துக்கு அவர்கள் பழைய எஜமானிடமே இருந்து 'தொழில் பழக' வேண்டும். முப்பது வருஷம் கரும்பு வெட்டிய கிழவன் இனிமேல்தான் கரும்பு வெட்டப் பழகப்போகிறான். இங்கிலீஷ்காரன் மூளையே மூளை.

ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு மட்டும் அன்றைக்கே முழு விடுதலை. இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

காரைக்காலிலிருந்து போன மாசம் கப்பலில் வந்த ஒரு மளிகை வியாபாரி பக்கத்தில் நின்றார். "தமிழனுக்குமா ஐயா அடிமை?" என்று வாயைப் பிளந்தார். ஏன், தமிழன் என்ன குறைந்துபோனான்? என் தகப்பனார் காரைக்காலிலிருந்து கொத்தனாராக இந்தத் தீவுக்கு வந்தவர். துறைமுகத்தில் அவர் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. நான் பாம்ப்ளமூஸில் முப்பது காணி கரும்பும் ஆறு அடிமைகளுமாக இருக்கிறேன். வயிற்றுக்குச் சோறு போடுகிறேன், கோயிலுக்கு அனுப்புகிறேன், சவுக்கைத் தொட்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். வெள்ளைக்காரன் தோட்டத்தில் போய்ப் பார்க்கட்டும் அவர்.

செப்டம்பர் 15, திங்கள்

பெட்டியைத் திறந்து பதிவேட்டு நகலை எடுத்தேன். பெரியவர்கள் ஆறு பேர். ஐந்து பேரைப் பற்றிக் கவலையில்லை. ஆறாவது பெயர்தான் நெஞ்சை அடைக்கிறது.

'ரொசாலி. பெண். வயது நாற்பத்தொன்று. இடது மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத் தீத்தழும்பு, கரும்புப்பாகுக் கொப்பரையில் பட்டது.'

ரொசாலி செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. 1819 வாந்திபேதியில் போனாள், பாவம், நல்ல வேலைக்காரி. அப்போது என் தகப்பனார் இருந்தார். இங்கிலீஷ்காரன் தீவைப் பிடித்ததிலிருந்து வெளியிலிருந்து புது அடிமை கொண்டுவரக் கூடாது என்று சட்டம். ஆள் குறைந்தால் குறைந்ததுதான். ஆனால் ஊரில் எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். செத்தவரைச் சாகவில்லை என்று வைத்துக்கொண்டு, மடகாஸ்கரிலிருந்து திருட்டுத்தனமாகக் கரையில் இறக்குகிற ஒருவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுவது. நாங்களும் செய்தோம். அப்படி வந்தவள்தான் வோலா. வந்தபோது பதிமூணு வயது. வீட்டுக்குள் வோலா, வெளி ஆள் வந்தால் ரொசாலி.

இப்போது வோலாவுக்கு இருபத்தெட்டு. பதிவேட்டு ரொசாலிக்கு நாற்பத்தொன்று. வோலா கையில் தழும்பும் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

உண்மை தெரிந்தால் அவள் சட்டப்படி எந்நாளும் அடிமையே இல்லை. அன்றே போய்விடலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

செப்டம்பர் 16

அந்தப் பிள்ளை தெரேசுக்கு வருகிற மார்ச்சில் ஆறு வயது. பிப்ரவரியில் எப்படியும் அதற்கு விடுதலைதான். அதனால் ஒன்றும் இல்லை. தாய் ஆறு வருஷம் இங்கே கட்டுப்பட்டிருந்தால் பிள்ளை எங்கே போகும்? தாய் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். தாய் போனால்தான் பிள்ளை போகும்.

வோலாவைப் போல வேலைக்காரி கிடைப்பது கஷ்டம். அதற்காகத்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மத்தியானம் வோலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கச்சேரியில் என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று பாடம் நடத்தினேன். பெயர் ரொசாலி. பிறந்தது இந்தத் தீவிலேயே. எங்கள் தகப்பனார் வாங்கியது பத்து வயதில்.

"ரொசாலிக்கு எத்தனை வயசு மொதலாளி?"

"நாப்பத்தொண்ணு."

"எனக்கு இருபத்தெட்டு. நடுவுல பதிமூணு வருஷம் யாரு வாழ்ந்தாங்க?"

"வயசு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. அடிமைக்கு வயசு தெரியாதுன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க."

"பேரு தெரியும், வயசு தெரியாது. சரிங்க."

இவள் எங்கள் தமிழை என் தங்கச்சியைவிட நன்றாகப் பேசுவாள். வாயும் எங்கள் வீட்டு வாய்தான். யாரிடம் கற்றாள் என்று சொல்லத் தேவையில்லை, அடுப்படியில் மதலேனாளும் இவளும் நாள் முழுக்க ஒன்றாக இருக்கிறார்கள்.

அக்டோபர் 2

எலி. மூன்று பொறி வைத்தேன். அகப்பட்டது ஒன்று.

அக்டோபர் 7, செவ்வாய்

தழும்புக்கு வழி யோசித்தாயிற்று. எங்கள் காரைக்கால் பக்கத்தில் மஞ்சள்காமாலைக்கு மணிக்கட்டில் சூடு போடுவது வழக்கம். என் கையிலும் இருக்கிறது, ஏழு வயதில் என் அம்மா போட்டது. நான் என்ன செத்தா போனேன்? பெற்ற பிள்ளைக்கே போடுகிறார்கள். இரண்டு விரல் அகலம், ஒரு நிமிஷ வேலை. கச்சேரிக்குப் போக ஜனவரி ஆகிவிடும், அதற்குள் காய்ந்துவிடும்.

மதலேனாளிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"காமாலைக்குச் சூடு போட்டா நோய் போகும். இது எதுக்குங்க?"

"வீடு நிக்கறதுக்கு."

"எந்த வீடு?" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவள் பேச்சில் பாதி எனக்குப் புரிவதில்லை.

அக்டோபர் 11, சனி

போட்டாயிற்று. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளை தூங்கும்போது. மதலேனாள் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். இரும்புக் கரண்டியின் காம்பைப் பழுக்கக் காய்ச்சினேன். வோலா தானே கையை நீட்டினாள்.

"சீக்கிரம் வைங்க. தெரேசு முழிச்சுக்கும்."

சத்தமே போடவில்லை. நான்தான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். பல்வலியில் நாலு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை.

பிறகு தேங்காயெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நான் நல்ல எஜமான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அக்டோபர் 14

வோலாவுக்குக் காய்ச்சல். கை வீங்கியிருக்கிறது. மதலேனாள் வாழைக்குருத்து வைத்துக் கட்டினாள். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

தெரேசு வாசலில் தனியாக மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "கும்புடுறேன் மொதலாளி" என்றது. கரும்புத்துண்டு ஒன்றைத் தோல் சீவிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்து மூக்கு என்று பக்கத்துத் தோட்டத்துக் கிழவி ஒருத்தி ஒருமுறை சொன்னாள். கண் தெரியாத கிழவி.

அக்டோபர் 21

காய்ச்சல் விட்டது. வோலா வேலைக்கு வந்துவிட்டாள். பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். நான் உயிர் பிழைத்ததே பெரிது.

நவம்பர் 3, திங்கள்

தலையில் இடி.

இரண்டாம் தேதி ஞாயிறாகப் போனதால் கல்லறைத் திருநாளை இன்றைக்குத் தள்ளி வைத்திருந்தார் சாமியார். காலையில் எல்லாரும் போனோம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். என் தகப்பனாருக்கும் அம்மாவுக்கும் நான் ஏற்றினேன். வேலியோரத்தில் ரொசாலியின் குழிக்கு வருஷா வருஷம் வோலாதான் ஏற்றுவாள், மதலேனாள் ஏற்படுத்திய வழக்கம் அது. தன் பெயர்க்காரியின் குழிக்குத் தானே விளக்கு வைத்துவிட்டு வருவாள். இத்தனை வருஷம் அதில் எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தோன்றியதில்லை.

அதல்ல இடி. பூசையில் மரித்தவர்களின் பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பது வழக்கம். வீட்டுக்கு வீடு பெயர் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுப் பெயர்கள் வந்தன. தகப்பனார், அம்மா, சின்னதிலேயே போன எங்கள் இரண்டு பிள்ளைகள். கடைசியாகச் சாமியார் என் பெயரையும் சேர்த்துக் கணீரென்று வாசித்தார்:

"ரொசாலி. சவரிராயன் வீட்டு அடிமை. 1819-இல் வாந்திபேதியில் மரித்தவள்."

எனக்கு இரண்டு வரிசை முன்னால் பதிவுக் கச்சேரி எழுத்தர் அர்மான் உட்கார்ந்திருந்தான். அவனுடைய கழுத்து மெதுவாகத் திரும்பியது. நான் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "யாருடி எழுதிக் குடுத்தது?"

"கோயில் உபதேசியார் எழுதினார். நான் சொன்னேன்."

"பதினஞ்சு வருஷமா சொல்லாத பேரை இந்த வருஷம் ஏன் சொன்னே?"

"உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்கிற ஆத்துமாவுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் வேணாமா? அவ பேரைத்தான் நாம எடுத்துக்கிட்டோமே. தெரியாம வந்திருச்சுங்க வாயில."

தெரியாமல் வருகிற பெயர் வருஷத்தோடும் நோயோடுமா வரும்? ஆனால் பெண்புத்தி பின்புத்தி. வேண்டுமென்று செய்கிற அளவுக்கு என் பெண்டாட்டிக்குச் சூது தெரியாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை, அவ்வளவுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

சாமியாரைத் தனியே பார்த்து, சாவுப் புத்தகத்தில் ரொசாலியின் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். தப்பாக எழுதியிருக்கலாமே என்றேன். "அடக்கப் பூசைக்கு நீயும்தான் வந்திருந்தாய்" என்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

அர்மான் வீட்டுக்கே வந்தான். ஒரு கருப்பு அடிமைத் தாய்க்கும் வெள்ளைக்காரனுக்கும் பிறந்து, விடுதலையாகி, கச்சேரியில் வேலை வாங்கிக்கொண்டவன். கோட்டும் தொப்பியுமாக இருக்கிறான். காப்பி கொடுத்தேன். ஒரு மரியாதைக்குக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தான். ரொசாலி உயிரோடு இருக்கிறாளா, செத்துவிட்டாளா?

அது வேறு ரொசாலி, காரைக்காலில் என் மனைவியைத் தூக்கி வளர்த்தவள், உபதேசியார் மாற்றி எழுதிவிட்டார் என்றேன். சொன்னவுடன் எனக்கே நன்றாகத்தான் இருந்தது.

"அப்படியானால் நல்லது. ஜனவரி பதிமூன்று, உங்கள் முறை. அம்மாவையும் அழைத்து வாருங்கள். அதை அவர்களே சத்தியம் செய்து சொல்லட்டும்" என்றான். காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

நவம்பர் 13

மதலேனாளிடம் கேட்டேன், சொல்வாயா என்று. "யோசிக்கிறேன்" என்றாள்.

நவம்பர் 20

கேட்டேன். "யோசிக்கிறேன்."

டிசம்பர் 4, வியாழன்

கரும்பு வெட்டு முடிந்தது. போன வருஷத்தைவிட எட்டு வண்டி குறைவு. ஆலைக்காரத் துரை பாகு சரியில்லை என்று முகத்தைச் சுளிக்கிறான்.

நகைக்கடைக்குப் போய் மதலேனாளுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கி வந்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அவ கையில சூடு, என் கையில வளையலா?" என்றாள்.

தெரேசு பிறந்த வருஷம் இவள் என்னோடு பன்னிரண்டு மாசம் பேசவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. இதுவும் சரியாகிவிடும் என்று இருக்கிறேன்.

டிசம்பர் 18

வோலா கிணற்றடியில் தனியாக இருந்தபோது பேசினேன். கோபப்படாமல்தான் பேசினேன். "ரொசாலின்னு சொல்லிட்டா உனக்கும் பிள்ளைக்கும் இங்கேயே சோறு, துணி, மேலே கூரை. வெளியே போனா என்ன செய்வே? உன்னை யார் சேர்த்துப்பாங்க? தெரேசு இங்கே வளர்ந்தா நாலு எழுத்து கத்துக்கும், கோயிலுக்குப் போகும், நல்லபடியா இருக்கும்."

வாளியைக் கீழே வைத்தாள். "தெரேசு எங்க வளர்ந்தா மொதலாளிக்கு என்னங்க?"

வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். நற்கருணை வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

தெரேசுக்குப் பூப்போட்ட பாவாடைத் துணி வாங்கியிருந்தேன். கொடுக்கும்போது மதலேனாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே தைத்துப் போட்டுவிட்டாள். அது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

1835 ஜனவரி 12, திங்கள்

காற்று பலமாக இருக்கிறது. புயல் வருமோ என்னவோ. நாளைக்குக் கச்சேரி. மதலேனாளிடம் கடைசியாகக் கேட்டேன்.

"சத்தியம் பண்ணுவேன்" என்றாள். அப்பாடா என்று இருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டியில் எல்லாருமாகப் போனோம். மதலேனாள் தெரேசை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை ஊரைப் பார்த்து வாயை மூடவே இல்லை, கப்பல் கப்பல் என்று. கச்சேரியில் ஓர் இங்கிலீஷ் துரை, ஒரு கிழட்டு வைத்தியன், அர்மான். துரை பேசுவதை அர்மான் பிரெஞ்சில் சொல்வான், எங்கள் பதிலை அவருக்குத் திருப்பிச் சொல்வான்.

ஐந்து பேருக்கும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆறாவதாக வோலாவைக் கூப்பிட்டார்கள். முதலில் கையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். வைத்தியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தான்.

"இது மூன்று மாசத்துப் புண். தோல் இன்னும் ரோஜா நிறமாக இருக்கிறது" என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "காமாலைக்குப் போட்ட சூடு துரை. எங்கள் ஜனங்களின் வழக்கம். இதோ பாருங்கள், எனக்கும் இருக்கிறது" என்று சட்டைக் கையை மடித்து என் தழும்பைக் காட்டினேன். வைத்தியன் என் கையையும் தடவிப் பார்த்துத் தலையாட்டினான். ஆமாம், இவர்கள் இப்படிச் செய்வதுண்டு என்றான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

துரை பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "அப்படியானால் இது காமாலைக்குப் போட்டது. இங்கே எழுதியிருக்கும் பாகுக் கொப்பரைத் தழும்பு எங்கே?"

நுணலும் தன் வாயால் கெடும். சூடே போடாமல் விட்டிருந்தால், அந்தக் காலத்தில் எழுதியவன் தப்பாக எழுதிவிட்டான் என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்போது கைநிறையச் சாட்சியை நானே செய்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

துரை அவளைப் பார்த்துக் கேட்டார். "உன் பெயர் என்ன?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "வோலா. அப்பா பேரு ரபே. தமத்தாத் துறைமுகத்துலேருந்து உள்ளே ரெண்டு நாள் நடை, எங்க ஊரு. ஆத்துல தண்ணி எடுக்கப் போனப்ப புடிச்சாங்க. என்கூட வந்த என் அக்காவைக் கப்பல்லேருந்து கடல்ல போட்டாங்க, காய்ச்சல்னு." இதைத் தமிழில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, தானே பிரெஞ்சிலும் சொன்னாள். அர்மானுடைய பேனா நடுவில் ஒருமுறை நின்றது.

பதினைந்து வருஷம் என் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஓர் அக்கா இருந்தது எனக்குத் தெரியாது. மதலேனாளுக்குத் தெரிந்திருந்தது, முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டேன்.

பிறகு மதலேனாளைக் கூப்பிட்டார்கள். சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைத்தாள். நேற்று எனக்குச் சொன்னாளே, சத்தியம் பண்ணுவேன் என்று. பண்ணினாள்.

"ரொசாலி செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு. குளிப்பாட்டினவ நான். இவ வோலா."

"அப்படியானால் இந்தப் பிள்ளை?" என்றார் துரை. பதிவேட்டின்படி தெரேசின் தாய் ரொசாலி. செத்துப் பத்து வருஷம் கழித்து ஒருத்தி பிள்ளை பெற்றதாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வைத்தியன் சிரிப்பை அடக்க இருமினான்.

"இவ வயித்துல பொறந்ததுதான். பிரசவம் பார்த்தவளும் நான்தான். தொப்புள்கொடியை நான் அறுத்தேன்."

அர்மான் எழுதினான். தாய், வோலா. அடுத்ததாகப் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, "தகப்பன்?" என்றான்.

வோலா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துரை என்னைப் பார்த்தார். நான் தொப்பியைப் பார்த்தேன். மதலேனாள்தான் கடைசியில் பேசினாள்.

"சொல்ல ஆளிருந்தா சொல்லியிருப்பாங்க. விட்டுட்டு எழுதுங்க."

அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதினார்கள். அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள் என்று அப்போது நினைத்தேன்.

என்னைச் சிறையில் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். துரை சலித்துப்போனவராக இருந்தார். "உன்னைப் போட்டால் இந்தத் தீவில் பாதிப் பேரைப் போடவேண்டும். பூட்டுவதற்கு வெளியே ஆள் இருக்காது" என்றாராம். வோலாவுக்கு நஷ்டஈடு கிடையாது, என்னுடைய பதிவேடுகள் முழுவதையும் மறுபடி சோதிப்பார்கள். வோலாவும் தெரேசும் இந்த நிமிஷத்திலிருந்து சுதந்திரம். காகிதம் எழுதி அவள் கையில் கொடுத்தார்கள்.

திரும்பும்போது வண்டியில் இடம் நிறைய இருந்தது. அவர்கள் வரவில்லை. துணிதைக்கிற ஒரு விதவை வீட்டில் வோலாவுக்கு வேலைக்கும் தங்குவதற்கும் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறதாம். யார் பேசி வைத்தது என்று கேட்டேன்.

"நான்தான். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரமே" என்றாள் மதலேனாள்.

ஜனவரி 14

புயல் வரவில்லை.

ஜனவரி 15

சமையல் மதலேனாள். குழம்பில் உப்பில்லை. நானே எழுந்து உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 19, திங்கள்

"ஏன் இப்படிச் செஞ்சே?" என்று இன்றைக்குத்தான் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"முதல்ல அவங்க ரெண்டு பேரும் என் கண்ணுல படாம போனா போதும்னுதான் இருந்துச்சு. அஞ்சு வருஷமா ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை முகத்துல உங்களைப் பாத்துக்கிட்டு சோறு பொங்கினேன். பொய் சொல்லமாட்டேன். அப்புறம் நீங்க கரண்டியைக் காய்ச்சுனீங்க. அன்னைக்குத்தான் எனக்கு யார் மேல கோபம்னு தெரிஞ்சுச்சு."

அவளை அடிக்கக் கை ஓங்கவில்லை. ஓங்கத் தோன்றவும் இல்லை. தோட்டத்துக்குப் போனேன். கரும்பு முளை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 27

மளிகை வியாபாரியைப் பார்த்தேன். பார்க்காதவர் போலப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றோடு இந்தத் தீவில் அடிமைகள் கிடையாது. குழப்பம் வரும் என்று துருப்புகளைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு குழப்பமும் இல்லை. கோயிலில்தான் கூட்டம், நிற்க இடமில்லை. என் ஐந்து பேரும் காலையில் பல் விளக்கி, துவைத்த துணி உடுத்தி வந்து, "போயிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனார்கள். நாளைக்கு ஐந்து பேரும் தொழில் பழக வருவார்கள். வருவார்கள் என்று நினைக்கிறேன்.

பூசை முடிந்து வெளியே வரும்போது வோலாவைப் பார்த்தேன். செருப்புப் போட்டிருந்தாள். அடிமைகள் செருப்புப் போடக் கூடாது, அதனால் இதுவரை அவள் காலை நான் அப்படிப் பார்த்ததில்லை. புதுச் செருப்பு கடிக்கிறது போலிருக்கிறது, நடை சரியில்லை. தெரேசு அந்தப் பூப்போட்ட பாவாடையில் இருந்தது. மதலேனாள் நேரே போய் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். நான் பின்னால் நின்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்தது. கையைக் குவித்து, வழக்கம்போல, "கும்புடுறேன் மொதலாளி" என்றது.

"இனிமே அவரு மொதலாளி இல்லம்மா" என்றாள் வோலா. கோபமாகச் சொல்லவில்லை, ஒரு செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

தெரேசு கொஞ்சம் யோசித்தது. யோசிக்கும்போது அது மூக்கைத் தேய்க்கும், நானும் அப்படித்தான். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது.

"அப்ப என்னன்னு கூப்பிடணும்?"

வோலா என்னைப் பார்த்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக, கண்ணைத் தாழ்த்தாமல், பதிலுக்காகக் காத்திருந்தாள். மதலேனாளும் காத்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, சொல்லிவிடுங்களேன் என்பதுபோல இருந்தது. கச்சேரியில் அவள் எனக்காகப் பேசினாள், இங்கே பேசவில்லை. கோயில் வாசலில் ஊரே நின்றது. அர்மான் நின்றான், மளிகை வியாபாரி நின்றார், சாமியார் படியில் நின்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் ஜாஸ்தி, பிள்ளைக்குத் தலையில் துணி போடுங்கள் என்று சொன்னேன்.

மதலேனாள் குனிந்து தெரேசின் பாவாடையைச் சரிசெய்தாள். "ஒண்ணும் கூப்பிட வேணாம்மா" என்றாள். "உங்க அம்மாவோட வீட்டுக்குப் போ."

போனார்கள். பிள்ளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு என்ன தெரியும், தெருவில் துருப்புக்காரர்களின் குதிரையைப் பார்த்துக்கொண்டே போனது.

தெரேசு என் மகள். இங்கே எழுத வருகிறது.